இன்ஜினியர், சப்ளையர், பில்டர்: நட்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?



போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்தின் பின்பக்கம் அஞ்சாறு பசங்க பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் சித்தி பையன் நேராகப் போய் அவர்கள் நடுவில் நின்றான். அவனுக்கு ஒன்பது வயது. "இது டபிள்யூ.ஏ.பி-4 இன்ஜினா, டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜினா?" என்று கேட்டான். யாருக்கும் புரியவில்லை. அவனே பதில் சொல்ல ஆரம்பித்தான். டபிள்யூ.ஏ.பி-7 என்றால் 6,350 குதிரைத்திறன், அது எந்தெந்த ரயிலை இழுக்கும், ஹாரன் எப்படி இருக்கும் என்று பத்து நிமிஷம் நிறுத்தவே இல்லை. ஒவ்வொருத்தராக எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் நாற்காலிகள் மட்டும்தான் மிச்சம்.

என்னிடம் வந்து கேட்டான்: "அக்கா, நான் தப்பா எதுவும் சொல்லலையே. அவங்க ஏன் போயிட்டாங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசும்போது எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பார்த்துப் பேசணும்டா." அவ்வளவுதான். அது எவ்வளவு உதவாத பதில் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவனைப் பார்க்கும் தெரபிஸ்ட், வாரம் ஒரு நாள் நாலைந்து குழந்தைகள் சேர்ந்து பழகும் ஒரு சின்னக் குழுவில் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தார். சித்தி என்னைக் கூப்பிட்டு, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இது என்ன ஏதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றார். இன்ஜினியரிங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சித்திகள் அப்படித்தான். ஆனால் படிக்கப் படிக்க, சம்பந்தம் இருக்கிறது என்றுதான் தோன்றியது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்ற வார்த்தைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளை தகவலைக் கையாளும் விதம் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டிருப்பவர்களை எல்லாம் சேர்த்து 'நியூரோடைவர்ஜென்ட்' என்கிறார்கள். இந்தச் சிந்தனையைத் தமிழில் 'நரம்பியல் பன்மை' என்று சொல்லலாம். 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துப் பேசத் தொடங்கியபோது வளர்ந்த சிந்தனை இது. எல்லா மூளையும் ஒரே மாதிரி வயரிங்கில் வருவதில்லை, வேறு வயரிங் என்றாலே பழுது என்று அர்த்தம் இல்லை என்பதுதான் சாரம்.

ஆனால், அதனால் கஷ்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தில் காட்டுவதைப் படிப்பது சிரமமாக இருக்கலாம். "போர் அடிக்குது" என்று வாயால் சொன்னால் புரியும், கொட்டாவி விட்டால் புரியாமல் போகலாம். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு 'வரிசையில் நிற்கணும்' என்பது நன்றாகவே தெரியும். அந்த நொடியில் காத்திருக்கத்தான் முடிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி 'அடங்காத பிள்ளை'யாகத் தெரியும். உள்ளே காரணம் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

ஏன் குழு? அதிலும் ஏன் சின்னக் குழு?

தெரபிஸ்டோடு தனியாக உட்கார்ந்து பழகினால் போதாதா? போதாது. காரணம் எளிது: பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். குழந்தை இருபது நிமிஷம் ரயிலைப் பற்றிப் பேசினாலும் தெரபிஸ்ட் சிரித்த முகமாகக் கேட்பார். அது அவருடைய வேலை. இன்னொரு ஒன்பது வயசுப் பையன் அப்படிக் கேட்கமாட்டான்.

சரி, நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலேயே பழகிக்கொள்ளட்டும் என்று விட்டால்? அங்கே சத்தம், வேகம், ஒரே நேரத்தில் பத்து உரையாடல். எது எங்கே தப்பிப்போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நம் பாஷையில் சொன்னால், தனி தெரபி என்பது சிமுலேஷன், வகுப்பறை என்பது நேரடி ஃபீல்ட். நடுவில் ஒரு பிரட்போர்டு வேண்டாமா? மூன்று முதல் ஆறு குழந்தைகள் உள்ள சின்னக் குழுதான் அந்த பிரட்போர்டு. நிஜமான குழந்தைகள், நிஜமான சண்டை, ஆனால் எதுவும் எரிந்துபோகாத அளவுக்குக் குறைந்த வோல்டேஜ். தப்பானால் உடனே நிறுத்தி, வயரை மாற்றிப் போட்டு, மறுபடி முயற்சி செய்யலாம்.

இந்தக் குழுக்கள் பல விதம். எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பெட்டி லெகோ, மூணு வேலை

டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் குழந்தைகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். இது 1990களில். ஒரு நாள் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில், அவரிடம் தனித்தனியாக வந்துகொண்டிருந்த இரண்டு ஆட்டிசச் சிறுவர்கள் தற்செயலாகச் சந்தித்தார்கள். இரண்டு பேர் கையிலும் லெகோவில் செய்த பொம்மை. அறைக்குள்ளே எவ்வளவு முயன்றும் அவ்வளவாகப் பேசாத குழந்தைகள், வெளியே ஒருவர் பொம்மையை இன்னொருவர் பார்த்துத் தாங்களாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

லெகாஃப் அதைப் பிடித்துக்கொண்டார். பழகக் கற்றுக்கொடுக்க, பழகவேண்டும் என்று குழந்தையே ஆசைப்படும் ஒரு காரணத்தை முதலில் கொடுக்கவேண்டும். அப்படிப் பிறந்ததுதான் லெகோ கிளப். இதைப் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 2004-ல் வெளிவந்தது.

கிளப் எப்படி நடக்கும்? மூன்று குழந்தைகள், மூன்று வேலை.

இன்ஜினியர்: படம் போட்ட செய்முறைத் தாள் இவரிடம் மட்டும்தான் இருக்கும். ஆனால் கட்டைகளைத் தொடக்கூடாது.

சப்ளையர்: கட்டைகள் இவரிடம் இருக்கும். இன்ஜினியர் சொல்லும் கட்டையைத் தேடி எடுத்துக் கொடுக்கவேண்டும்.

பில்டர்: பொருத்துவது இவர். ஆனால் தாளைப் பார்க்கக்கூடாது.

கொஞ்சம் நேரம் கழித்து வேலையை மாற்றிக்கொள்வார்கள்.

இதன் அழகைக் கவனித்தீர்களா? யாரும் "பேசு" என்று சொல்லவில்லை. ஆனால் பேசாமல் வண்டி நகராது. "சிவப்புல ரெண்டுக்கு நாலு கட்டை ஒண்ணு", "அது இல்ல, அதைவிட ஒல்லி", "மேல இல்ல, பக்கத்துல" என்று சொல்லியே ஆகவேண்டும். கேட்பதற்காக நிறுத்தவேண்டும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டும். நம் சீனியர்களில் பாதிப் பேர் புராஜெக்ட் டீமில் இதைத்தான் செய்யமாட்டேன் என்கிறார்கள்!

கிளப்புக்கு விதிகள் உண்டு. உடைத்தால் நீயே சரி செய், முடியவில்லை என்றால் உதவி கேள். இன்னொருத்தர் வைத்திருப்பதைப் பிடுங்காதே, முதலில் கேள். கத்தாதே, கேலி செய்யாதே. முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து வை. இப்படி எளிமையான, சுவரில் ஒட்டிவைக்கிற மாதிரி விதிகள். 'நல்ல பிள்ளையா இரு' என்பது மாதிரி மொட்டையாக எதுவும் கிடையாது. எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாக இருக்கும்.

இதில் பெரியவரின் வேலைதான் ரொம்ப நுட்பம். இரண்டு பேரும் ஒரே சக்கரத்துக்குச் சண்டை போட்டால் அவர் தீர்ப்பு சொல்லமாட்டார். "ரெண்டு பேருக்கும் அந்தச் சக்கரம் வேணும் போல. என்ன பண்ணலாம்?" என்று பிரச்சனையை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டுக் காத்திருப்பார். தீர்வு குழந்தைகளிடமிருந்து வரவேண்டும். போன வாரம் அவர்களே கண்டுபிடித்த தீர்வை வேண்டுமானால் ஞாபகப்படுத்துவார். விடையைச் சொல்லாமல் வைவா கேட்கும் நல்ல எக்ஸாமினர் மாதிரி.

பழகிய பிறகு தாளே கிடையாது. 'நீங்களே ஏதாவது கட்டுங்க' என்பார்கள். அப்போது என்ன கட்டுவது என்பதிலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். ஒருத்தனுக்கு விமானம், இன்னொருத்தனுக்கு ஆஸ்பத்திரி. கடைசியில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வரும். அந்தச் சமரசத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

பெரியவங்க சொல்றது ஒண்ணு, நடக்கறது ஒண்ணு

இரண்டாவது, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகெசன், ஃப்ரெட் ஃபிராங்கெல் ஆகியோர் உருவாக்கிய 'பியர்ஸ்' திட்டம். பதின்ம வயதினர் ஒரு அறையில், அதே நேரம் அவர்களுடைய பெற்றோர் பக்கத்து அறையில். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், மூன்று மாதத்துக்கும் மேலாக நடக்கும். ஹோம்வொர்க் உண்டு: யாருக்காவது போன் செய்யவேண்டும், யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடவேண்டும்.

இவர்கள் முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. 'பெரியவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்கள்' என்று பார்க்காமல், 'நண்பர்கள் நிறைய இருக்கிற பிள்ளைகள் நிஜத்தில் என்ன செய்கிறார்கள்' என்று பார்த்தார்கள். இரண்டும் ஒன்று இல்லை.

உதாரணம் ஒன்று. ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கும்பலில் எப்படிச் சேருவது? பெரியவர்கள் சொல்வது: "போய் 'ஹாய், என் பேரு இன்னது'ன்னு சொல்லிக்கோ." நம் கேன்டீனில் யாராவது அப்படிச் சேர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நாம் நிஜத்தில் செய்வது வேறு. கொஞ்சம் தள்ளி நின்று காதில் வாங்குவோம். என்ன விஷயம் ஓடுகிறது, நமக்கு அதில் ஏதாவது தெரியுமா என்று பார்ப்போம். கிட்டே போவோம். பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழும்போது, அதே விஷயத்தைப் பற்றி ஒரு வரி சொல்வோம். அவர்கள் திரும்பி நமக்கு இடம் விட்டால் உள்ளே, இல்லையென்றால் அலட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுவோம்.

இதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எப்படியோ வந்துவிட்டது. எல்லாருக்கும் அப்படித் தானாக வராது. பியர்ஸ் அதைப் படிப்படியாக, ஒரு ஃப்ளோசார்ட் மாதிரி உடைத்துக் கொடுக்கிறது. கல்யாண மண்டபத்தில் என் தம்பிக்குத் தேவைப்பட்டது இதுதான். நானோ கண்ணைப் பார்க்கச் சொன்னேன்.

உதாரணம் இரண்டு. யாராவது கிண்டல் செய்தால்? "கண்டுக்காம விடு" அல்லது "டீச்சர்கிட்ட சொல்லு." நாம் எல்லாரும் வாங்கிய அட்வைஸ். பியர்ஸில் சொல்வது: கிண்டல் உன்னைத் தொடவே இல்லை என்று காட்டும் ஒரு சின்ன பதிலைச் சொல்லிவிட்டு நகரு. 'அதுக்கென்ன இப்ப?', 'சரி, அப்புறம்?' அந்த மாதிரி. கிண்டல் செய்கிறவனுக்கு வேண்டியது ரியாக்‌ஷன். அது கிடைக்கவில்லை என்றால் ஆட்டம் சுவாரசியம் இழந்துவிடும். கவனம், அடி உதைக்கு இது மருந்து இல்லை. அதற்குப் பெரியவர்கள் வந்தே ஆகவேண்டும்.

ரிசல்ட் என்ன?

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

லெகோ கிளப் பற்றி கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 6 முதல் 11 வயதுக் குழந்தைகள், வாரம் ஒரு மணி நேரம், 18 வாரம். சில அளவீடுகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சின்ன ஆய்வு. பிறகு பிரிட்டனில் சுமார் 250 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து, அவர்களுடைய பள்ளிக்கூடத்திலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2023-ல் முடிவு வந்தது. முன்னேற்றம் இருந்தது, ஆனால் சிறியது. அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

2017-ல் வந்த இன்னொரு அலசல் இதைவிட முக்கியமானது. இப்படிப்பட்ட குழுப் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளையே கேட்டால் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எதில்? 'என்ன செய்யணும்னு எனக்கு இப்ப தெரியுது' என்பதில். 'நான் இப்ப அப்படிச் செய்யறேன்' என்பதில் இல்லை. பெற்றோர் ஓரளவு மாற்றம் பார்த்தார்கள். வகுப்பு ஆசிரியர்கள் கண்ணுக்கோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் படவில்லை.

தியரியில் 90 மார்க், லேபில் கை நடுங்குகிறது. நமக்குத் தெரியாத கதையா?

ஏ.டி.எச்.டி. பற்றி முதலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாதது பிரச்சனை இல்லை, அந்த நொடியில் செய்ய முடியாததுதான் பிரச்சனை. ஏற்கெனவே தெரிந்ததையே வகுப்பு எடுத்தால் என்ன ஆகும்? அவர்களுக்கான சமூகத்திறன் பயிற்சிகளை அலசிய காக்ரேன் தொகுப்பாய்வும், குறிப்பிடத்தக்க பலன் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் முடிக்கிறது. அப்படியானால் பயிற்சி அந்தக் குழந்தை விளையாடும் இடத்திலேயே, விளையாடும் நேரத்திலேயே கூட இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏ.சி. ரூமில் படித்தது, வெள்ளிக்கிழமை மத்தியானம் மைதானத்துக்குத் தானாகப் போய்ச் சேராது.

பாட் ரேட் பிரச்சனை

இதுவரை நாம் ஒரு விஷயத்தைச் சந்தேகமே படாமல் எடுத்துக்கொண்டோம்: பிரச்சனை அந்தக் குழந்தையிடம் இருக்கிறது, அதைச் சரிசெய்யவேண்டும்.

ஆர்டுயினோவில் முதல் முறை சீரியல் மானிட்டர் திறந்தவர்களுக்கு இது நடந்திருக்கும். கோட் சரி, வயர் சரி, ஆனால் திரையில் கன்னாபின்னா எழுத்துகள். போர்டு 9600-ல் அனுப்புகிறது, மானிட்டர் 115200-ல் கேட்கிறது. எது பழுது? இரண்டும் இல்லை. இரண்டும் தன் அளவில் சரியாகத்தான் இருக்கின்றன. பிரச்சனை நடுவில்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதைத்தான் சொன்னார். 'இரட்டைப் புரிதல் சிக்கல்' என்று தமிழில் வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டம் என்கிறோம். மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்வது அதே அளவு கஷ்டமாகத்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் பழி ஒரு பக்கம் மட்டும்?

எடின்பரோவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாம் சின்ன வயசில் விளையாடிய, காதுக்குக் காது கதை கடத்தும் விளையாட்டுதான். எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும், இல்லாதவர்கள் மட்டும், இரண்டும் கலந்து. 2020-ல் வந்த முடிவு: ஆட்டிசம் உள்ளவர்களுடைய சங்கிலி, மற்றவர்களுடைய சங்கிலிக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது. கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிதறியது. 2025-ல் இதையே முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு திரும்பச் செய்தபோது, கலந்த சங்கிலியில் அந்தச் சரிவு தெரியவில்லை. ஆனால் ஒன்று மாறவில்லை: ஆட்டிசம் உள்ளவர்கள் இரண்டு முறையும் மற்றவர்களுக்குக் குறையாமல்தான் செய்தார்கள்.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் சுடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாசனும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடி வீடியோவையோ ஆடியோவையோ கொடுத்து, 'இவரோடு பழகுவீர்களா?' என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். நொடியில் முடிவு செய்து, பழக அவ்வளவாக விருப்பம் இல்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது அவர் சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்ன தோரணைக்காகத்தான் ஒதுக்கினோம். 'ஒதுக்கினோம்' என்று நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதனால் குழுப் பயிற்சிக்கு ஒரு ஆபத்து வருகிறது. ஒன்பது வயசுப் பையனுக்கு 'கையை ஆட்டாதே, கண்ணைப் பார், ரயிலைப் பற்றிப் பேசாதே' என்று பயிற்சி கொடுத்தால், அவன் கற்றுக்கொள்வது நட்பா? தன்னை ஒளித்துக்கொள்வதைத்தான் கற்றுக்கொள்கிறான். இதற்கு 'மாஸ்க்கிங்' என்று பெயர். நாள் முழுக்க நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு விழுவதைப் பற்றி, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதிகம் மறைக்கிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. கண்ணைப் பார்ப்பது பலருக்கு நிஜமாகவே தாங்கமுடியாத அவஸ்தை. கண்ணைப் பார்க்க முயற்சி செய்துகொண்டே பேச்சைக் கேட்க முடிவதில்லை என்கிறார்கள். மண்டபத்தில் நான் கொடுத்த அட்வைஸ் எந்த வகையைச் சேர்ந்தது என்று இப்போது புரிகிறது இல்லையா?

பக்கத்து பெஞ்சுக்கும் பயிற்சி

அப்படியென்றால் பாட் ரேட்டை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தால் என்ன?

அதையும் செய்திருக்கிறார்கள். அதே லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த கோனி கசாரியின் குழு, சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் 60 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வை 2012-ல் வெளியிட்டது. சிலருக்கு நேரடிப் பயிற்சி. சிலருக்கு நேரடிப் பயிற்சி இல்லை, அவர்களுடைய வகுப்பில் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தனியாக நிற்கும் குழந்தைகளை விளையாட்டில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று அந்த மூன்று பேருக்குப் பயிற்சி. வெறும் ஆறு வாரம்தான்.

வகுப்பின் நட்பு வலையில் குழந்தையின் இடம் எங்கே அதிகம் முன்னேறியது தெரியுமா? சக மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில். மைதானத்தில் தனியாக நிற்பதும் குறைந்தது. அதற்காக எல்லாருக்கும் உயிர்த்தோழன் கிடைத்துவிடவில்லை. அது ஆறு வாரத்தில் யாருக்குமே கிடைக்காது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையை ஒரு துளிகூட மாற்றாமல், பக்கத்தில் இருக்கும் மூன்று பேரை மாற்றினால் அவனுடைய உலகம் மாறுகிறது.

உங்க வீட்டுல ஒரு குழந்தை இருந்தா

தம்பியோ, தங்கையோ, அக்கா பிள்ளையோ இப்படி ஒரு குழுவில் சேரப்போகிறார்கள் என்றால், சித்திக்கு நான் எழுதிக்கொடுத்த கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். நடத்துகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. குழந்தைக்குப் பிடித்த விஷயத்தைப் பயன்படுத்துகிறார்களா, அல்லது அதைக் குறைக்கப் பார்க்கிறார்களா?

2. கண்ணைப் பார்க்கவும், கையைக் கட்டி உட்காரவும் வற்புறுத்துகிறார்களா? ஆமாம் என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

3. குழந்தை 'வேண்டாம்', 'எனக்கு ஓய்வு வேணும்' என்று சொல்ல முடியுமா? சொன்னால் மதிப்பார்களா?

4. வாராவாரம் அதே குழந்தைகள் வருவார்களா? முகம் மாறிக்கொண்டே இருந்தால் நட்பு எப்படி வளரும்?

5. வீட்டுக்கும் பள்ளிக்கும் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்? அறைக்குள்ளேயே முடிந்துபோகும் பயிற்சி, அறைக்குள்ளேயே முடிந்துபோகும்.

6. மூன்று மாதத்தில் 'நார்மல்' ஆக்கித் தருகிறோம் என்கிறார்களா? நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கடைசியா, நம்ம லேப் டேபிள்ல

ஒன்பது வயசுப் பிள்ளைகள் வளர்வார்கள். வளர்ந்து எங்கே போவார்கள்? சிலர் இன்ஜினியரிங் காலேஜுக்கும் வருவார்கள். வந்துமிருக்கிறார்கள். சர்டிஃபிகேட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைத் துருவுவது நம் வேலை இல்லை. யாரையும் பார்த்து 'இவனுக்கு அதுதான்' என்று நாமே முத்திரை குத்துவதும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை ரொம்பச் சின்ன விஷயங்கள். டீம் பிரிக்கும்போது யார் எதைச் செய்வது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'அதெல்லாம் புரிஞ்சுப்பாங்க' என்று விடாதீர்கள். இன்ஜினியர், சப்ளையர், பில்டர் என்று வேலையைப் பிரித்தால் பேசத் தயங்குகிறவருக்கும் பேச ஒரு காரணம் இருக்கும். மீட்டிங்கில் பேசாதவர் குரூப்பில் எழுதி அனுப்பினால் அதையும் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்தபோது அந்த ஒதுக்கம் காணாமல் போனது ஞாபகம் இருக்கட்டும். ஒருவர் ஒரே விஷயத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினால், பின்னால் போய்ச் சிரிப்பதைவிட, "மச்சி, இது போதும், மீதியைச் சாப்பிடும்போது சொல்லு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் புரிந்துகொள்வார். கொட்டாவி விட்டால்தான் புரியாது.

பொங்கல் லீவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கடையில் வாங்கிய சாதாரண பில்டிங் பிளாக்ஸ் பெட்டி ஒன்று எடுத்துப் போனேன். இது தெரபி எல்லாம் இல்லை, சும்மா விளையாட்டுக்கு. தம்பி இன்ஜினியர், பக்கத்து வீட்டுப் பொண்ணு சப்ளையர், நான் பில்டர். அவன் சொல்லச் சொல்ல நான் தப்பாகவே பொருத்தினேன். மூன்றாவது முறை நிறுத்தினான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும்தான் பார்த்தான். "அக்கா, நான் சொல்றது உனக்குப் புரியலையா? வேற மாதிரி சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

வாழ்க்கையில் என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் கம்மி. கண்ணைப் பார்க்காமல்தான் கேட்டான்.

அன்றைக்குக் கட்டியது என்ன என்று கேட்கிறீர்களா? வேறென்ன, டபிள்யூ.ஏ.பி-7 தான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!